ஆயுத பூஜைக்குக் காலியான குளம்

பட்டாபிராமனுக்கு நீச்சல் தெரியாது என்பது 1978 செப்டம்பர் வரை அவருடைய சொந்த விஷயமாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் கல்கத்தாவில் விடாமல் பெய்த மழை அதைப் பொது விஷயமாக்கிவிட்டது.

பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் கஸ்பா. அங்கே ஒரு முட்டுச் சந்தின் கடைசி வீடு அவருடையது. மழையின் மூன்றாம் நாள் காலையில் சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பேட்டை கிளப்பின் காரியதரிசி நிமாய், இருபத்தெட்டு வயது, கால்பந்து ஆடுகிறவன், வீடு வீடாக வந்து ஜனங்களை முனையில் இருந்த பள்ளிக்கூடத்து மாடிக்கு அழைத்துப் போனான். பட்டாபிராமனின் மனைவி சுப்புலக்ஷ்மி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து போய்விட்டாள். மகள் ஜானகிக்கு அப்போது பதினாலு வயது. அவள் தேவைக்கு அதிகமாகவே நனைந்துகொண்டு போனாள். பட்டாபிராமன் மட்டும் வாசல் மேல்படியில் நின்றார்.

"இறங்குங்க காக்கு, இடுப்பு வரைக்கும்தான்" என்றான் நிமாய். காக்கு என்றால் சித்தப்பா.

"தரை கண்ணுக்குத் தெரியலையே" என்றார் பட்டாபிராமன். இருபது வருஷமாக அதே தரையில் நடந்தவர்.

பத்து நிமிஷம் பேசிப் பார்த்துவிட்டு நிமாய் திரும்பி நின்று முதுகைக் காட்டிக் குனிந்தான். பட்டாபிராமன் ஏறிக்கொண்டார். ஒரு கையில் விரித்த குடை. இன்னொரு கையில் ஆபீஸ் பை. நெற்றியில் விபூதி கலையவில்லை. சந்தின் இரண்டு பக்கமும் எல்லா மாடி வராந்தாக்களிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். மழையில் வேறு வேலையும் கிடையாது. அப்போது யாரோ சொன்னார்கள்: "கார்த்திக் டாகுர் வரார் பாரு, மயில் மேல."

நம் முருகனைத்தான் வங்காளத்தில் கார்த்திக் என்கிறார்கள், டாகுர் என்றால் சாமி. துர்கா பூஜைச் சிலையில் அம்மாவுக்குப் பக்கத்தில், மீசையைச் சீவிவிட்டுக்கொண்டு, மயில்மேல் ஜம்மென்று நிற்பார். தமிழர் ஒருவர் ஆள்முதுகில் குடையோடு போனதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படாது. வெள்ளம் நாலு நாளில் வடிந்தது. பெயர் வடியவில்லை. சுப்புலக்ஷ்மியே பிறகு நிமாய் வாசலில் வந்து நின்றால் உள்ளே பார்த்துத் தமிழில் சொல்வாள்: "ஏன்னா, மயில் வந்திருக்கு. காபி கலக்கட்டுமா?"

பட்டாபிராமனுக்கு டல்ஹவுசி பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். கப்பல் சரக்குப் பிரிவு. கப்பலின் அடியில் ஓட்டை விழுந்தது, சணல் மூட்டை நனைந்தது, தேயிலைப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் போனது என்று வரும் அறிக்கைகளை இருபத்தேழு வருஷமாகப் படித்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர். தண்ணீர் செய்யக்கூடிய கெடுதல் எல்லாம் அவருக்குத் தெரியும். பிறந்தது ராமநாதபுரம் ஜில்லாவில். அங்கே கண்மாய் நிறைந்த வருஷங்கள் குறைவு. நிறைந்த வருஷத்தில் அவருக்கு அம்மை போட்டிருந்தது. ஆகவே தண்ணீரைக் காகிதத்தில்தான் பழக்கம்.

இனி ஒரு வெள்ளம் வந்தால் யார் முதுகிலும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தார். அதற்கு நீச்சல் வேண்டும். எங்கே கற்பது என்பதுதான் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக் பக்கம் ஒரு நீச்சல் கிளப்புக்குப் போய்ப் பார்த்தார். புதிதாகச் சேர வந்தவர்களின் சராசரி வயது ஆறு. வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "உங்க பேரன் எங்கே?" என்று கேட்டாள். அத்தோடு வந்துவிட்டார். சந்து முனையில் பேட்டைக் குளம் ஒன்று இருந்தது. ஆனால் அங்கே காலையில் பெண்கள் குளித்தார்கள், மதியம் பாத்திரம் தேய்த்தார்கள், சாயங்காலம் கரையில் உட்கார்ந்து அரசியல் பேசினார்கள். கார்த்திக் டாகுர் துண்டு கட்டிக்கொண்டு அங்கே இறங்கினால் கல்கத்தா முழுக்கச் செய்தி போகும்.

மூன்று வருஷம் யோசித்தார். 1981 கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு வந்து சொன்னார்.

"கொல்லையில குளம் வெட்டப் போறேன்."

"கோவில் கட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டாள் சுப்புலக்ஷ்மி.

"நீச்சல் குளம்டி. கத்துக்கறதுக்கு."

"யாரு?"

"நான்தான்."

"அம்பத்தோரு வயசுல."

"வெள்ளம் என்ன, வயசு கேட்டுண்டா வரது?"

காலேஜில் சேர்ந்திருந்த ஜானகிக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். சந்தோஷத்திலும் கோபத்திலும் தமிழே வராது. இரண்டும் இல்லாத நேரமாக இருந்ததால் தமிழிலேயே சொன்னாள்: "கொஞ்சமாவது ஆழம் வேணும் அப்பா. இல்லேன்னா அது பாத்டப். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லவே முடியாது."

இரண்டு பப்பாளி மரமும் ஒரு துணிக்கொடியும் இருந்த கொல்லையில் இருபதடி நீளம், பத்தடி அகலம் என்று வரைபடம் தயாரானது. ஒரு முனையில் ஆழம் மூன்றரை அடி. ஜானகிக்காக மறு முனையில் ஐந்தரை அடி. பட்டாபிராமனின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இந்த இரண்டு எண்களையும் அவர் அப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அனுமதிக்கான மனுவில் 'தண்ணீர்த் தொட்டி' என்று எழுதினார். பொய் இல்லை.

கட்ட வந்தவர் ஹாரூன் மிஸ்திரி. கஸ்பாவில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. குளத்தில் மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் வீடு எழுப்புவதுதான் அவர் தொழில். கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷமா குளத்தை மூடி வீடு கட்டறேன் பாபு. வீட்டுக்குள்ள குளம் தோண்டச் சொன்ன முதல் ஆள் நீங்க" என்றார்.

ஜனவரியில் தோண்ட ஆரம்பித்தார்கள். நாலாவது அடியில் தண்ணீர் வந்தது. பட்டாபிராமன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார். பிறந்த ஊரில் நாற்பதடி தோண்டினாலும் தூசிதான் பறக்கும். அவருக்குக் கை தானாகக் குவிந்தது. ஹாரூன் மிஸ்திரிக்கு ஆச்சரியமே இல்லை.

"அவ்வளவுதான் பாபு. புக்குர் தயார். சிமெண்ட் எதுக்கு?"

புக்குர் என்றால் குளம். வங்காளத்தில் பள்ளம் தோண்டினால் அது தானாக ஆகிவிடுவது.

"சேறு இருக்கக் கூடாது. அடி, சுவர் எல்லாம் கான்கிரீட். வெள்ளை டைல்ஸ்."

இரண்டு மாதம் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே கட்டினார்கள். அடித்தளம் போடுகிற அன்று ஹாரூன் ஒரு யோசனை சொன்னார்: "நடுவுல ஒரு குழாய் விட்டு மூடி போட்டுடலாம் பாபு. தொட்டி காலியா இருக்கிறப்ப அதைத் திறந்து வச்சா போதும்."

"தொட்டிக்கு அடியில ஓட்டையா?"

"ஓட்டைதான்."

"அதெல்லாம் வேண்டாம். அடியில ஓட்டை இருந்த எதையும் நான் ஆபீஸ்ல பாஸ் பண்ணினதில்லை."

"கப்பலைச் சொல்றீங்களா? இதுவும் ஒருவகையில கப்பல்தான் பாபு. நாலு பக்கமும் தண்ணிதானே."

ஹாரூன் பேசியது அவருக்கு விளங்கவில்லை என்று சொல்வது சரியில்லை. அவர் காதில் அது ஏறவே இல்லை. தொட்டி என்றால் தண்ணீர் கசிந்து வெளியே போய்விடுமே என்று பயப்படுகிற ஊர்க்காரர் அவர். அடியிலிருந்து தண்ணீர் முட்டிக்கொண்டு வருமே என்று பயப்படுகிற ஊர்க்காரர் ஹாரூன். ஓட்டை விடவில்லை.

ஏப்ரலில் குளம் நிரம்பியது. வெள்ளை டைல்ஸில் தண்ணீர் நீலமாகத் தெரிந்தது. முதல் நாள் காலையில் வந்தவள் நிமாயின் அம்மா. பேட்டைக்கே அவள் மாசிமா, அதாவது சித்தி. கையில் வாயகன்ற பானை. அதற்குள் விரல்நீள மீன்குஞ்சுகள்.

"ருய் முப்பது, காத்லா இருபது" என்றாள்.

"எங்காத்துல மீன் சாப்பிட மாட்டோமே மாசிமா" என்று சுப்புலக்ஷ்மி தனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னாள்.

"உங்களுக்கு யார் கொடுத்தா? புக்குருக்குக் கொண்டு வந்தேன்."

மீனில்லாத குளம் ஒன்று இருக்க முடியும் என்பதை மாசிமாவுக்கு விளக்க அரைமணி ஆயிற்று. அவள் நம்பவில்லை. பானையோடு திரும்பிப் போகும்போது அந்த நீலத் தண்ணீரை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பட்டாபிராமனின் பயிற்சி தொடங்கியது. தவணை முறையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் தருவித்து, மோடாமேல் குப்புறப் படுத்துக்கொண்டு கையையும் காலையும் வீசிப் பழகினார். மோடாவில் அவர் நன்றாகவே நீந்தினார். குளத்தில் கதை வேறு. குறுக்கே ஒரு கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம், மூன்றரை அடி ஆழத்தில்தான் இருப்பார். சுவரோரக் கைப்பிடிக் கம்பியை விட்டுக் காலைத் தூக்குவார். தூக்கிய மறுகணம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐந்தரை அடி நினைவுக்கு வரும். காலை ஊன்றிவிடுவார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்தில் அவர் கற்றது தண்ணீரில் நடப்பது.

"அப்பா, அந்தப் பக்கம் புலியா இருக்கு?" என்பாள் ஜானகி, ஐந்தரை அடியில் மல்லாந்து மிதந்தபடி.

"நீ உன் வேலையைப் பாரு."

அக்டோபர் வந்தது. பேட்டைக் குளத்தை அந்த வருஷம் ஒருவர் வாங்கி மூடிவிட்டார். அதன்மேல் நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. கட்டியவர் ஹாரூன் மிஸ்திரிதான். அந்தக் குளத்தில்தான் கிளப்பின் துர்கா சிலையை வருஷா வருஷம் கரைப்பார்கள். சப்தமி அன்று மத்தியானம் நிமாய் இரண்டு கமிட்டி ஆட்களோடு வந்து உட்கார்ந்தான். காபி குடித்து முடித்தான்.

"காக்கு, தசமி அன்னிக்கு மா உங்க வீட்டுக்கு வரா."

"வரட்டும், வரட்டும். என்ன விசேஷம்?"

"உங்க புக்குர்ல பிசர்ஜன்."

பிசர்ஜன் என்றால் துர்கா அம்மாவைத் தண்ணீரில் கரைப்பது. பட்டாபிராமன் கோப்பையைக் கீழே வைத்தார். "இது சின்னது நிமாய். சிலை பெரிசு."

"இல்ல காக்கு. சிலை ஆறடி அகலம். புக்குர் பத்தடி. போன வாரம் நீங்க ஆபீஸ் போனப்புறம் வந்து அளந்தோம். காக்கிமா டேப்பைப் பிடிச்சாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னாலேயே போனார். "வைக்கோல், களிமண், சாயம். வெள்ளை டைல்ஸ் என்னத்துக்கு ஆகும்? நான் இன்னும் பாதிக் குளம்கூடத் தாண்டலை."

"அம்பாள் தானா வரேங்கறா. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு வந்தா போய்ச் சொல்லுங்கோ."

அவருக்கும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல பயம். சரி என்று சொல்ல மனசில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். தமிழில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். வங்காளத்தில் நிமாய் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

வழி அஷ்டமி அன்று பூஜையறையில் தோன்றியது. மறுநாள் நவமி, ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மிஷின், ஸ்குரூடிரைவர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்க வேண்டும். வைத்ததை அன்று தொடக் கூடாது. அப்படியென்றால் நீச்சல் குளம் மட்டும் என்ன? அதுவும் ஒரு கருவி. கழுவித் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டியதுதானே. கழுவ வேண்டுமானால் தண்ணீரை இறைக்க வேண்டும். இறைத்துவிட்டால் தசமி அன்று, 'ஐயோ, தண்ணீர் இல்லையே' என்று சொல்லலாம். இதுவும் பொய் இல்லை.

நவமி விடிந்ததும் பம்பைப் போட்டார். சஷ்டியில் பிடித்த மழை அஷ்டமி வரை கொட்டி அன்றுதான் விட்டிருந்தது. ஊர் முழுக்க ஈரம். சாயங்காலத்துக்குள் குளம் காய்ந்தது. சுற்றுச்சுவரில் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, படிக்கட்டில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்.

வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த நிமாய் திகைத்துப்போனான். "தண்ணி எங்கே காக்கு?"

"இன்னிக்கு ஆயுத பூஜை. கருவி எல்லாம் சுத்தம் பண்ணி வைக்கிற நாள்."

"விஸ்வகர்மா பூஜையா? அது போன மாசமே முடிஞ்சுதே."

"உங்களுக்கு முடிஞ்சுது. எங்களுக்கு இன்னிக்கு."

அதற்குமேல் ஒருவன் இன்னொருவர் வழக்கத்தில் என்ன பேச முடியும்? நிமாய் போய்விட்டான். பட்டாபிராமன் அன்று சுண்டல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

தசமி புதன்கிழமை. காலை காபி நேரத்தில் கொல்லைப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அண்டாவைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம் என்கிறாள் சுப்புலக்ஷ்மி. துப்பாக்கி என்கிறாள் ஜானகி. துணி உலர்த்தப் போன சுப்புலக்ஷ்மிதான் முதலில் பார்த்தது. கொடியின் ஒரு முனை பப்பாளி மரத்தில். மறு முனை குளத்தின் ஆழமான பக்கத்து இரும்புக் கம்பியில்.

"ஏன்னா," என்று கூப்பிட்டாள், "கொடி மேல போயிண்டே இருக்கு."

"கொடி எப்படிடீ போகும்?"

"வந்து பாருங்கோ. எனக்கு எட்டலை."

வந்து பார்த்தார். கொடி போகவில்லை. குளம் போய்க்கொண்டிருந்தது. ஆழமான பக்கத்துச் சுவர் மண்ணைப் பிளந்துகொண்டு தரைக்குமேல் முக்கால் அடி எழும்பி நின்றது. அதன்மேல் முந்தின நாள் வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. மூன்று நாள் மழையில் ஊறின மண்ணுக்குள் நின்ற நிலத்தடித் தண்ணீர், பாரமில்லாத அந்தக் காலித் தொட்டியை அடியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. பட்டாபிராமன் இரண்டு கையையும் சுவர்மேல் வைத்துக் கீழே அமுக்கினார். அது நிற்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

மொத்தம் எவ்வளவு உயர்ந்தது என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. நிமாய் நாலடி என்கிறான். மாசிமா ஆளுயரம் என்கிறாள். ஹாரூன் மிஸ்திரி முழக்கோலால் அளந்தது இரண்டரை அடி, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு டாக் மேளம் சந்துக்குள் நுழைந்தது. தண்ணீர் இல்லை என்று அறிந்தும் ஏன் வந்தார்கள் என்றால், காக்கு கருவியைத் துடைத்தானதும் மறுபடி நிரப்பியிருப்பார் என்று நிமாய் நம்பினான். முன்னால் மேளக்காரர்கள், பின்னால் மூங்கில்மேல் சிலை, அதன் பின்னால் முகமெல்லாம் குங்குமம் பூசிய பெண்கள், நூறு பேருக்குக் குறையாது. வேலிக் கதவைத் திறந்ததும் மேளம் நின்றது.

"காக்கு," என்றான் நிமாய், "இது எங்கே கிளம்பிடுச்சு?"

மாசிமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து பார்த்தாள்.

"பஞ்சாங்கத்தில போட்டிருக்கு. இந்த வருஷம் மா திரும்பிப் போறது படகிலேன்னு" என்றாள்.

வருஷா வருஷம் அம்மா யானையிலோ குதிரையிலோ பல்லக்கிலோ படகிலோ போவதாக அவர்கள் பஞ்சாங்கத்தில் குறித்திருக்கும். தசமி புதன்கிழமை வந்தால் படகு. நூறு பேரும் பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாகச் சாய்ந்து நின்ற அந்த வெள்ளைத் தொட்டியைப் பார்த்து நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டார்கள்.

ஹாரூன் மிஸ்திரிக்கு ஆள் போயிற்று. வந்தார். குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"ஓட்டை" என்றார்.

"இப்ப என்ன பண்றது மிஸ்திரி?" பட்டாபிராமனின் குரல் சந்தில் யாருக்கும் பழக்கமில்லாத அளவு சின்னதாக இருந்தது.

"கனம் வேணும். உடனே தண்ணி ஊத்துங்க. விட்டா இன்னும் ஏறும். நடுவுல விண்டுடும்."

அடுத்த ஒன்றரை மணி நேரம் கஸ்பாவில் அதுவரை நடக்காத வேலை நடந்தது. அம்மாவைத் தண்ணீரில் விட வந்தவர்கள் தண்ணீர் சுமந்தார்கள். தெருக் குழாயிலிருந்து கொல்லை வரை வரிசை. வாளி, குடம், கிளப்பில் கிச்சடி காய்ச்சிய அண்டா, பட்டாபிராமன் வீட்டு இட்லிக் கொப்பரை. இரண்டு வீட்டுப் பம்புகள். மேளக்காரர்களும் மேளத்தை இறக்கிவிட்டு வரிசையில் சேர்ந்தார்கள். சிலையை வேலியோரம் நிறுத்தியிருந்தார்கள். பத்துக் கையோடு அம்மா சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புரோகிதர் மட்டும் நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்தார்கள்.

தண்ணீர் முட்டிக்குமேல் ஏறியதும் சுவரின் முனகல் நின்றது. ஹாரூன் முழக்கோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதற்குப் பிறகும் ஊற்றினார்கள். ஆழமில்லாத பக்கத்து விளிம்பு தரைமட்டத்திலேயே இருந்தது. அது வழிகிற வரை ஊற்றினார்கள்.

நூறு பேர் ஈரத்தோடு நின்றார்கள். நிமாய் பட்டாபிராமனைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் இல்லை என்று சொல்ல இனி வழியில்லை. அவர்களே கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர்.

"வாங்கோ" என்றார் பட்டாபிராமன், தமிழில். எல்லோருக்கும் புரிந்தது.

மேளம் மறுபடி கிளம்பியது. சிலையை ஏழு சுற்று சுற்றித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். எட்டுப் பேர் பிடித்தும் மறு முனையில் ஒரு பக்கம் தாழ்ந்தது. "காக்கு, பிடிங்க" என்று நிமாய் கத்தினான். பக்கத்தில் நின்றவர் அவர்தான். யோசிக்க நேரமில்லை, பின்னாலிருந்து கூட்டம் வேறு நெருக்கியது. வேட்டியோடு குளத்தில் இறங்கித் தோளைக் கொடுத்தார். அவர் தோளில் வந்து இறங்கிய பக்கத்தில் மயிலும் அதன்மேல் கார்த்திக்கும் இருந்தார்கள். வேலியோரம் நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சந்தே சிரித்தது. பட்டாபிராமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கார்த்திக்கைத் தோளில் தாங்கியபடி, தண்ணீருக்குள் நாலு தப்படி நடந்து, அம்மாவை மெல்லச் சாய்த்தார்.

சாயம் கலைந்து பரவியது. அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் துணிக்கொடியின் கம்பி இருந்தது.

"ஜானு, இது எந்தப் பக்கம்?"

"ஆழமான பக்கம்தான் அப்பா."

"எனக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழதானே இருக்கு. ஆழம் எங்கே?"

"போயிடுத்து" என்றாள் ஜானகி.

உண்மைதான். ஐந்தரை அடிப் பக்கம் இரண்டரை அடி உயர்ந்ததில் அங்கே மிஞ்சியது மூன்றடி. ஆழமில்லாத பக்கத்தில் பழைய மூன்றரை. இப்போது அந்தக் குளத்தில் எங்கே நின்றாலும் பட்டாபிராமன் முழுகுவதற்கு வழியில்லை. அவர் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நடந்து பார்த்தார். திரும்ப நடந்தார். பிறகு நடுவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, பப்பாளி மரத்தில் மாட்டினார்.

மறுநாள் வைக்கோலும் மூங்கிலும் எடுத்தார்கள். டைல்ஸ் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் ரோஸாகவும் நின்றுவிட்டது. எந்த சோப்புக்கும் போகவில்லை. உடைத்துத் திரும்பக் கட்டித் தருகிறேன், இந்தத் தடவை ஓட்டையோடு என்றார் ஹாரூன் மிஸ்திரி. "வேண்டாம், இப்படியே இருக்கட்டும். சுத்தி மண்ணை மட்டும் இறுக்கிடுங்கோ" என்றார் பட்டாபிராமன். குளத்தை அப்புறம் அவர் ஒருநாளும் காலி செய்யவில்லை. அடுத்த ஆயுத பூஜையில் பொட்டு வெளிச்சுவரில்தான்.

மார்ச் மாதம் குளிர் விட்டதும் மறுபடி இறங்கினார். காலைத் தூக்கினார். பயப்பட எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் மிதக்கவும் இல்லை. இரண்டு வாரம் இதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த சுப்புலக்ஷ்மி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ரூமுக்குப் போய், மூடி ஈயம் வைத்து அடைத்த இரண்டு டால்டா டின்களைக் கொண்டுவந்தாள். நடுவே கயிறு கட்டியிருந்தது.

"இடுப்புல கட்டிக்கோங்கோ."

"இது எங்கேர்ந்து வந்தது?"

"மாசிமா கொடுத்தா. போன வருஷமே. நீங்க ஆபீஸ் போனப்புறம் தினம் மத்தியானம் வருவா. மூணு வாரத்துல வந்துடுத்து எனக்கு."

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"எதிர்நீச்சல்கூடத் தெரியும். இப்போ கையை நீட்டுங்கோ."

டின் இரண்டிலிருந்து ஒன்றாக ஆவதற்கு ஒரு மாதம். ஒன்றிலிருந்து ஒன்றுமில்லாமல் ஆவதற்கு ஒரு மழைக்காலம். 1983 செப்டம்பரில் அவர் முனைக்கு முனை போய்த் திரும்பினார். மாசிமா அன்று கரையில் இருந்தாள். "இவ்வளவு நீந்தறாரே, நாலு மீனாவது விடக் கூடாதா?" என்று கேட்டாள்.

1984 ஜூனில் மறுபடி வெள்ளம் வந்தது. சந்தில் இடுப்பளவு தண்ணீர். நிமாய் அந்த வருஷம் கால்பந்தில் முழங்காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். மாசிமா வீட்டு அடுப்பு நனைந்து போயிருந்தது. சுப்புலக்ஷ்மி இட்லி வார்த்து, இலை போட்டு மூடி, ஒரு பித்தளை அண்டாவில் வைத்தாள்.

"நடந்தே போயிடலாம். இடுப்புதான்" என்றாள்.

பட்டாபிராமன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். விபூதியைச் சரிபார்த்துக்கொண்டார். மேல்படியில் நின்று தரை தெரிகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அண்டாவைத் தண்ணீரில் விட்டு, பின்னாலேயே இறங்கி, அதைக் கையால் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டு நீந்த ஆரம்பித்தார். கால் அவ்வப்போது தரையில் இடித்தது, மடக்கிக்கொண்டார். வராந்தாக்களில் ஆட்கள் நிறைந்தார்கள். குடை இல்லை. ஆபீஸ் பை இல்லை.

"காக்கு, நடங்க காக்கு, ஆழமே இல்ல" என்று மேலேயிருந்து நிமாய் கத்தினான்.

அவர் காதில் வாங்கவில்லை. நிமாய் வீட்டு வாசல் தூணைத் தொட்டு, போட்டியில் ஜெயித்தவர் போல ஒரு மூச்சு விட்டார். மாசிமா இரண்டு படி இறங்கி வந்து அண்டாவை வாங்கி, இலையை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"சட்னி?" என்று கேட்டாள்.

சட்னியை மறந்துவிட்டிருந்தார்கள். பட்டாபிராமன் அங்கேயே திரும்பி, காலை உதைத்து, வீட்டைப் பார்த்து நீந்தினார்.